வாயிலுக்கு வெளியே நிற்கும் பெற்றோர்

ஜூன் மாதத்தின் நடுவில் மும்பை மாநகரில் இரண்டு வரவுகள் ஏறக்குறைய ஒரே வாரத்தில் நிகழ்கின்றன. ஒன்று தென்மேற்குப் பருவமழை. மற்றொன்று பள்ளிக்கூடத்தின் முதல் நாள். மழைச்சட்டை அணிந்த சிறுவர் சிறுமியர், பழுப்புத் தாளில் அட்டையிட்ட புதிய நோட்டுப் புத்தகங்கள் நனையாதிருக்கப் பையை மார்போடு அணைத்தபடி, கன்னியர் நடத்தும் ஓர் ஆரம்பப் பள்ளியின் வாயிலை நோக்கி விரைகின்றனர். அவர்களோடு பெற்றோரும் வருகின்றனர். மணி அடிக்கிறது, குழந்தைகள் உள்ளே செல்கின்றனர், வாயிற்கதவு சாத்தப்படுகிறது. பெரும்பாலான பெற்றோர் கலைந்துவிடுகின்றனர். ஒரு சிலர் மட்டும் குடையின்கீழ் நின்றுகொண்டே இருக்கின்றனர். அவர்கள் பேசிக்கொள்வது திருநெல்வேலித் தமிழாகவோ, சேலத்துத் தமிழாகவோ இருப்பதைக் கேட்கலாம்.

வேற்று மாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இக்காட்சி புதிதன்று. தாய் நாள்தோறும் குழந்தையை அழைத்து வருவார். நாள்தோறும் அழைத்துச் செல்வார். ஆனால் உள்ளே சென்று ஆசிரியையிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஆங்கிலம் வராது, மராத்தி அரைகுறை, தவறாக ஏதேனும் சொல்லிவிட்டால் குழந்தைக்கு இழுக்கு என்ற தயக்கம். மதிப்பின் காரணமாகவே அவர் ஒதுங்கி நிற்கிறார். பள்ளியோ அதனை அக்கறையின்மை என்று எண்ணிக்கொள்ளக் கூடும். இந்தச் சிறிய தவறான எண்ணத்தால் ஒரு குழந்தைக்கு விளையும் இழப்பு சிறிதன்று. ஆதலால், கத்தோலிக்க ஆரம்பப் பள்ளி ஒன்றில் புதிய பருவம் எவ்வாறு தொடங்குகிறது, அங்கே பெற்றோரின் இடம் யாது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம். மும்பையை நாம் எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், பெரும்பகுதி பிற நகரங்களுக்கும் பொருந்தும்.

நாட்காட்டி மட்டும் பொருந்தாது. தில்லியில் பள்ளியாண்டு ஏப்ரல் முதல் நாளில் தொடங்கிவிடுகிறது. ஒன்றரை மாதம் பாடம் நடந்த பிறகுதான் கோடை விடுமுறை. மேற்கு வங்க மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஆண்டுத் தொடக்கமே ஜனவரி. தமிழ்நாட்டில் ஏப்ரலில் தேர்வெழுதிவிட்டு, ஜூனில் சேர்த்துக்கொள்ளலாம் என்று தில்லிக்கு வரும் குடும்பம், தன் குழந்தை ஒன்றரை மாதப் பாடத்தை இழந்திருப்பதை அறிந்து திகைக்கிறது. வயதிலும் வேறுபாடு உண்டு. தமிழ்நாட்டில் ஐந்து வயது நிறைந்த குழந்தையை முதல் வகுப்பில் சேர்ப்பது வழக்கம். 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைப் பின்பற்றும் இடங்களிலோ ஆறு வயது கேட்கின்றனர். ஊர் மாறும் முன்னரே இவ்விரண்டையும் விசாரித்துக்கொள்வது நலம்.

இனிப் பள்ளிக்குள் செல்வோம்.

முதல் நாட் காலையில் மாணாக்கர் முற்றத்தில் வரிசையாக நிற்கின்றனர், மழையாயின் கூடத்தில். வழிபாடு, உறுதிமொழி, தேசிய கீதம் என்ற முறையில் காலைக் கூட்டம் நடைபெறும். 2024-ஆம் ஆண்டில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் பள்ளிகளுக்கு வழங்கிய நெறிமுறைகளில், அரசியலமைப்பின் முகப்புரையை நாள்தோறும் காலைக் கூட்டத்தில் சொல்ல வேண்டும் என்றும், பிற சமயக் குழந்தைகள் மீது கிறிஸ்தவ வழக்கங்களைத் திணித்தலாகாது என்றும் கூறியது. புதிய பருவத்தின் முதல் வாரத்தில் தூய ஆவியின் அருளை வேண்டி ஒரு திருப்பலியோ வழிபாடோ நிகழ்த்துவதும் மரபு. இயேசு சபையார் 1548-ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மெசினா நகரில் நிறுவிய கல்விக்கூடத்திலிருந்து இவ்வழக்கம் வருகிறதென்பர். நாம் ஏடு தொடங்கும்போது பிள்ளையார் சுழி இடுவதை ஒத்தது என்று கொண்டால் அதன் கருத்து எளிதில் விளங்கும்.

இங்கே பல பெற்றோரின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும், வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். நம் குழந்தை இந்து ஆயிற்றே, அல்லது இஸ்லாமியர் ஆயிற்றே. இவ்வழிபாட்டில் கலந்துகொள்ளத்தான் வேண்டுமா? இதற்கு நம் அரசியலமைப்பின் 28-ஆவது விதி தெளிவாக விடை கூறுகிறது. அரசின் அங்கீகாரம் அல்லது உதவி பெற்ற எந்தக் கல்விக்கூடத்திலும், பயில்வோர் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது. சிறுவராயின் அவர்தம் பாதுகாவலரின் இசைவு வேண்டும். நடைமுறையில், கத்தோலிக்கக் குழந்தைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றவர்க்கு நன்னெறிப் பாடம் நடைபெறுவது நெடுநாளைய ஏற்பாடு. இத்தகைய பள்ளிகள் பலவற்றில் கத்தோலிக்கர் அல்லாத மாணாக்கரே மிகுதி என்பதும் நினைவிற்குரியது. ஐயம் இருப்பின் தலைமை ஆசிரியையிடம் நேரிற் கேட்டுவிடலாம். கேட்பது குற்றமன்று, அவர்களுக்கு இது பழகிய கேள்வி.

கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு வேறொரு சங்கடம். குழந்தை மறைக்கல்வியை ஆங்கிலத்திற் கற்கிறது. புதுநன்மைக்கான ஆயத்தமும் ஆங்கிலத்தில். வீட்டில் பாட்டி மாலையில் செபமாலை சொல்லும்போது அத்தமிழ் குழந்தைக்கு அயலாகத் தோன்றுகிறது. ஒரே செபத்தை இருவரும் அறிவர், சேர்ந்து சொல்ல இயலவில்லை. செப்டம்பர் 8-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொண்டாடப்படும் மாதாவின் பிறந்த நாள் விழாதான், அதற்கு அடுத்த ஞாயிறு தொடங்கி பாந்திரா மலைமாதா கோவிலில் எட்டு நாள் திருவிழாவாக நடைபெறுகிறது. அதைக் குழந்தைக்குச் சொல்லி வைத்தால், பாட்டியின் மாதாவும் பள்ளியின் மாதாவும் வேறல்லர் என்பது அதற்குத் தெரிந்துவிடும். இது நாம் பேச வந்ததிலிருந்து சற்று விலகியதே. எனினும் சொல்லாமற் போக மனம் வரவில்லை.

கத்தோலிக்கர் தம் பள்ளியைப் பற்றிப் பேசும்போது "பள்ளிச் சமூகம்" என்ற சொல்லை அடிக்கடி வழங்குவர். கன்னியர், ஆசிரியர், பங்குத் தந்தை, அலுவலர், மாணாக்கர், பெற்றோர் ஆகிய அனைவரும் அதனுள் அடங்குவர். இது வெறும் மரியாதைப் பேச்சன்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கல்வியைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, குழந்தைகளின் முதன்மையான ஆசான்கள் பெற்றோரே என்று வகுத்துரைத்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டமும் ஆசிரியர் பெற்றோரோடு நெருங்கி ஒத்துழைக்க வேண்டும் என்றும், அவர்கள் சொல்வதை மனமுவந்து கேட்க வேண்டும் என்றும் கூறுகிறது. ஆகவே, வாயிலுக்கு வெளியே நிற்கும் தமிழ்த் தாயை உள்ளே அழைக்கும் கடமை அப்பள்ளிக்கே அதன் சொந்தக் கொள்கையால் உண்டு. அழைப்பு வராவிடினும் உள்ளே செல்லும் உரிமை அவருக்கு உண்டு.

சேர்க்கையைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை எளிய குடும்பத்துக் குழந்தைகளுக்கு இலவசமாக வழங்க வேண்டும். இதை நம்பி அருகிலுள்ள கன்னியர் பள்ளியில் விண்ணப்பிக்க எண்ணும் பெற்றோர் பலர். ஆனால் 2014-ஆம் ஆண்டு மே மாதம் உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு, அவை அரசு உதவி பெற்றாலும் பெறாவிடினும், இச்சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. 2025-ஆம் ஆண்டு செப்டம்பரில் இருவர் அமர்வொன்று இத்தீர்ப்பில் ஐயம் தெரிவித்து, இதனைப் பெரிய அமர்வு ஆராய வேண்டுமெனத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. ஆகவே இலவச இடத்தை நாடுவோர் கன்னியர் பள்ளியை மட்டும் நம்பியிராமல் பிற பள்ளிகளிலும் உரிய நாளுக்குள் விண்ணப்பித்தல் வேண்டும். கட்டணம் செலுத்த முடியாத நிலை நேர்ந்தால், அதைத் தலைமை ஆசிரியையிடம் தனியே சொல்வதில் வெட்கமில்லை. பல பங்குகளில் உள்ள புனித வின்சென்ட் தெ பால் சபையினர் ஏழைக் குடும்பங்களுக்குக் கல்விச் செலவில் உதவுவதுண்டு. கட்டாய நன்கொடையை மகாராஷ்டிரம் 1987-ஆம் ஆண்டின் சட்டத்தால் தடைசெய்துள்ளது. செலுத்தும் எத்தொகைக்கும் ரசீது கேட்டுப் பெறுக.

மாற்றுச் சான்றிதழைப் பற்றியும் ஒரு சொல். நாம் சேரவிருக்கும் பள்ளி அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ ஆயின், கேட்டவுடன் அதனை வழங்குவது விட்டு வரும் பள்ளியின் தலைமை ஆசிரியரது கடமை என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஊரை விட்டுப் புறப்படுமுன் கையோடு பெற்று வருவதே சிறப்பு. அதற்காக இரண்டாம் முறை ரயிலேறுவோரை நாம் கண்டிருக்கிறோம்.

இவற்றையெல்லாம்விட நம்மவரை அதிகமாக அலைக்கழிப்பது பெயர். படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும்: குடும்பப் பெயர், குழந்தையின் பெயர், தந்தையின் பெயர். தமிழ்நாட்டில் தந்தையின் பெயர் முதலெழுத்தாய்ச் சுருங்கி முன்னே நிற்கும். குடும்பப் பெயர் என்பது நம்மிற் பெரும்பாலோர்க்கு இல்லை. 1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடத் தீர்மானித்தது. அதன் பின் மூன்று தலைமுறைகளாக நாம் பட்டமின்றி வாழ்ந்து பழகிவிட்டோம். அலுவலரோ, "குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டு, எழுதுகோலுடன் காத்திருக்கிறார். பின்னால் வரிசை நிற்கிறது. அந்த அவசரத்தில் ஒருவர் பாட்டனார் பெயரைச் சொல்கிறார். ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்கிறார். ஒருவர் தம் தந்தையார் விட்டொழித்த சாதிப் பெயரையே மீண்டும் சொல்லிவிடுகிறார். வேறொருவர் முதலெழுத்தை மட்டும் கூற, "எம்" என்ற ஓரெழுத்தே அக்குழந்தையின் குடும்பப் பெயராகிப் பதிவேட்டில் ஏறிவிடுகிறது.

அன்று நகைப்புக்கிடமாகத் தோன்றும் இச்செய்தி பத்தாண்டுகளுக்குப் பின் பெருந்தொல்லையாக முளைக்கும். பிறப்புச் சான்றில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் என்றால், பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எது ஏறும்? ஏறிய பிறகு திருத்துவது எளிதன்று. தமிழ்நாட்டுக் கல்லூரியில் இடம் கேட்கும்போதும், கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் அத்தவறு குறுக்கே நிற்கும். ஆகையால் சேர்க்கைக்குச் செல்லுமுன் வீட்டில் அமர்ந்து, கணவனும் மனைவியும் கலந்து, மூன்று கட்டங்களிலும் எதை எழுதுவது என்று முடிவு செய்து, ஒரு தாளில் ஆங்கில எழுத்துக்களில் தெளிவாக எழுதிக் கொண்டுபோக வேண்டும். தந்தையின் முழுப்பெயரையே குடும்பப் பெயர்க் கட்டத்திலும் எழுதுவதே குழப்பம் குறைந்த வழி என்பது நம் கருத்து. 2024 மே முதல் நாளிலும் அதன் பின்னரும் பிறந்த குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் தாயின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று மகாராஷ்டிர அரசு முடிவு செய்துள்ளது. அக்குழந்தைகள் பள்ளிக்கு வரும்போது தாயின் பெயரும் எழுத்துப் பிழையின்றி இருத்தல் வேண்டும்.

பெயர் முடிந்தது, குழந்தை வகுப்பில் அமர்ந்தாயிற்று. இப்போது மொழி.

வீட்டில் தமிழ்; தெருவில் இந்தி; பாடத்தில் ஆங்கிலம்; அதனோடு மராத்தி. 2020-ஆம் ஆண்டின் சட்டப்படி மகாராஷ்டிரத்தின் எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயப் பாடம். முதல் வகுப்பிலிருந்தே இந்தியையும் புகுத்த 2025-ஆம் ஆண்டில் அரசு பிறப்பித்த ஆணைகள் பலத்த எதிர்ப்புக்குப் பின் அவ்வாண்டு ஜூன் மாதமே திரும்பப் பெறப்பட்டன. மராத்தியரும் தம் குழந்தைகளின் மொழிச் சுமையைப் பற்றி நம்மைப் போன்றே கவலைப்படுகின்றனர் என்பது அப்போது வெளிப்பட்டது.

இத்தனை மொழிகளுக்கு நடுவே வீட்டில் தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்த ஆறு வயதுக் குழந்தை வகுப்பில் வாய் திறவாது. மழையைக் காட்டி, இது என்ன என்று ஆசிரியை கேட்பார், குழந்தை மழையையும் அறியும், அதன் மணத்தையும் அறியும், ஆனால் பேசாது. புதிய மொழிச் சூழலிற் புகும் குழந்தைகள் சில வாரங்கள், சிலர் சில மாதங்கள்கூட, இவ்வாறு மௌனமாக இருப்பது இயல்பே என்று கல்வியறிஞர் கூறுவர். அம்மௌனத்தில் குழந்தை கேட்டுக்கொண்டிருக்கிறது, சொற்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. இதை அறியாத ஆசிரியை, நாற்பது ஐம்பது குழந்தைகளுக்கிடையே, இக்குழந்தை மந்தம் என்று குறித்துக்கொண்டால் அக்குறிப்பு ஆண்டு முழுவதும் தொடரும். அதைத் தடுக்கவல்லவர் ஒருவரே. அவர் வாயிலுக்கு வெளியே குடை பிடித்து நிற்கிறார். "வீட்டில் நன்றாகப் பேசுவாள், நூறு வரை எண்ணுவாள், தமிழிற்கதை சொல்வாள்" என்று அவர் உடைந்த இந்தியிலேனும் ஆசிரியையிடம் சொல்லிவிட்டால் போதும். அது இயலாதாயின், மேல்வகுப்பிற் பயிலும் அண்டை வீட்டுச் சிறுமியை உடனழைத்துச் செல்லலாம். நாட்குறிப்பில் இரண்டு வரி எழுதி அனுப்பலாம். பல பள்ளிகளில் தென்னாட்டைச் சேர்ந்த கன்னியர் ஒருவரேனும் இருப்பர். விசாரித்தால் தமிழிலேயே பேசிவிடவும் கூடும்.

ஆசிரியையோ, வேறு பெற்றோரோ, "இனி வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள்" என்று அறிவுரை கூறக்கூடும். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இவ்வறிவுரையை ஏற்க வேண்டியதில்லை. தாய்மொழியிற் சிந்திக்கப் பழகிய குழந்தை பிற மொழிகளைத் தடையின்றிக் கற்கும். கல்வி தொடங்குவதற்கு ஏற்ற வாயில் தாய்மொழியே என்று யுனெஸ்கோ நிறுவனம் 1953-ஆம் ஆண்டிலேயே அறிவுறுத்தியது. நம் அரசியலமைப்பிலும் 1956-ஆம் ஆண்டில் 350-அ என்னும் விதி சேர்க்கப்பட்டு, மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்கு ஆரம்ப நிலையில் தாய்மொழி வழிக் கல்விக்கு மாநிலங்கள் வசதி செய்ய முயல வேண்டும் எனப்பட்டது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. ஆயினும் ஆங்கிலத்தை நாடித் தம் குழந்தையைக் கன்னியர் பள்ளிக்கு அனுப்பும் பெற்றோரை நாம் குறை கூறோம். அவர்கள் வேண்டுவது அவர்களுக்குத் தெரியும். அந்நிலையில் தமிழைக் காப்பது வீட்டின் பொறுப்பாகிறது. பள்ளி விட்டு வந்ததும், "இன்று என்ன நடந்தது?" என்று தமிழிற் கேட்டு, விடையையும் தமிழிற் பெறுவது நாள்தோறும் கால்மணி நேரத்து வேலைதான். குழந்தை ஆங்கிலச் சொல்லைக் கலந்து சொன்னால் இடைமறித்துத் திருத்த வேண்டா, சொல்லி முடிக்கட்டும்.

இனி வாயிலைக் கடக்கும் வழியைச் சொல்லிவிடுவோம். மகாராஷ்டிரத்தின் தனியார் பள்ளிகளில், பள்ளியாண்டு தொடங்கிய 30 நாட்களுக்குள் பெற்றோர் ஆசிரியர் சங்கம் அமைத்தாக வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் விதிக்கிறது. பள்ளி விதிக்கக் கருதும் கட்டணத்தை அச்சங்கத்தின் செயற்குழுவின் முன் வைத்தாக வேண்டும். ஒவ்வொரு வகுப்புக்கும் பெற்றோர் ஒருவர் அக்குழுவில் இடம்பெறுவர். விருப்பம் தெரிவித்தோர் பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கியெடுப்பதே முறை. ஆங்கிலப் பேச்சுத் திறமைக்கு அதில் இடமில்லை. பெயர் கொடுத்திருக்க வேண்டும், அவ்வளவே. இவ்வறிவிப்பு ஜூன் மாத இறுதியில் குழந்தையின் நாட்குறிப்பில் ஒட்டப்பட்டு வீட்டுக்கு வரும். பல தமிழ் வீடுகளில் அது படிக்கப்படாமலே கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பப்படுகிறது. இவ்வாண்டு அத்தாளை யாரிடமேனும் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டு, பெயரெழுதும் இடத்தில் தாயின் பெயரையே எழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம். நாள்தோறும் அந்த வாயில்வரை செல்பவர் அவரே.